நான்கு நரம்பும் நால்வகைக் குறியும்

இசையை ஏட்டில் அடைத்து வைத்தல் கூடுமோ என்னும் வினா நம் நாட்டிற்குப் புதியதன்று. ஏழிசையைக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனப் பெயரிட்டு வழங்கிய நம் முன்னோர், அவ்வேழினுக்கும் ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ, ஔ என்னும் நெட்டெழுத்து ஏழையும் அடையாளமாகக் கொண்டனர் எனத் திவாகர நிகண்டால் அறிகின்றோம். பெயரும் இருந்தது, எழுத்தும் இருந்தது. ஆயினும், கானல்வரியின் சொல் நம்மிடம் இருக்க, அதனை மாதவி யாழிலிட்டுப் பாடியதாக அடிகள் கூறும் இசை நம்மிடம் இல்லை. வகுப்பில் அப்பகுதியைப் பயிலுந்தோறும், உமியைப் போற்றி வைத்து அரிசியைத் தொலைத்தவர் போல்வோம் யாம் என்னும் எண்ணம் எழாமற் போவதில்லை.

ஆயினும், இவ்வினா எம்மை வந்து பற்றியது சிலப்பதிகாரத்தின் வாயிலாக அன்று. ஒரு முழத்திற்குச் சிறிது மிக்க நீளமுடைய ஒரு மரக்கருவியின் வாயிலாக.

உத்திரமேரூரிலிருந்து மூன்று கல் தொலைவிலுள்ளது எம் சிற்றூர். ஏரியும், ஏரிக்கரைப் பனைகளும், அறுபது எழுபது வீடுகளும், அவற்றின் நடுவே ஓடு வேய்ந்த சிறு தேவாலயமும் அதன் உடைமைகள். அவ்வாலயத்தில் நெடுங்காலமாக இருந்த இசைக்கருவிகள் இரண்டே: ஓர் ஆர்மோனியமும் ஒரு டோலக்கும். ஆர்மோனியத்தின் துருத்தியை எலி கடித்த பின்னர் அது பேச்சு மூச்சின்றி மூலையிற் கிடந்தது. இந்நிலையில், ஒரகடத்துத் தொழிற்சாலையொன்றிற் பணிபுரியும் எம் சிற்றப்பா மகன் இரண்டாண்டுகளுக்கு முன் யுகுலேலே ஒன்றை வாங்கி வந்தார். கிட்டாரினும் விலை குறைவு. சிறுவர் கைக்கு அடங்குவது. நைலான் நரம்பாதலின் விரல் நோவதும் இல்லை. இன்று எம் ஊரில் நான்கு யுகுலேலேக்கள் உள. ஞாயிறு மாலைகளில் அவை நான்கும் ஒருங்கே ஒலிக்குங்கால், சுருதி சேர்ந்திருப்பின் கேட்க இனிமையாகவே இருக்கும். சேர்ந்திராவிடின் ஏரித் தவளைகளே மேல்.

இக்கருவியின் பிறப்பு வரலாறு சுவையுடையது. 1879-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ‘ரேவன்ஸ்கிராக்’ என்னும் கப்பல், போர்த்துக்கேயருடைய மதீராத் தீவினின்றும் கரும்புத் தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலுத் துறையை அடைந்தது. வந்தவருள் மரவேலை வல்லார் மூவர் இருந்தனர். அவர்கள் தம் ஊரின் சிறு நரம்புக் கருவியை அத்தீவின் மரத்தாற் செய்து விற்கத் தொடங்கினர். அதுவே திருந்தி யுகுலேலே ஆயிற்று. கலாகௌவா மன்னர் அதனை அரசவையில் ஏற்றுப் போற்றினார். 1915-ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரில் நடந்த பெரும் பொருட்காட்சிக்குப் பின்னர் அமெரிக்க நாடெங்கும் அதன் ஒலி பரவிற்று. நம்மவரும் 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவரே. கூலிக்குச் செல்வோன் மூட்டையில் அரிசிக்கு இடமில்லாவிடினும் பாட்டுக்கு இடமுண்டு போலும்.

யுகுலேலே பயில்வோர்க்கு முதலிற் கிட்டுவது ‘டேப்’ எனச் சுருங்க வழங்கும் டேப்லச்சர்க் குறியே. நான்கு கோடுகள் இடுவர். அவை நான்கு நரம்புகள். கோட்டின்மேல் 0 என்றிருப்பின் நரம்பைத் திறந்தபடியே மீட்டுக. 3 என்றிருப்பின் மூன்றாம் மெட்டில் விரல் வைத்து மீட்டுக. (வீணையின் மெட்டும் மெட்டே, பாட்டின் மெட்டும் மெட்டே; இவ்விரண்டையும் ஒரு சொல்லால் வழங்கும் தமிழ் வழக்கு எமக்குப் பெரிதும் உவப்பானது.) இம்முறை கைப்பேசி தந்த புதுமை என்று எம் ஊர் இளைஞர் எண்ணியிருந்தனர். பதினாறாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவின் லூட் என்னும் கருவிக்கு இத்தாலியர் எண்ணாலும் பிரெஞ்சுக்காரர் எழுத்தாலும் இவ்வாறே எழுதினர் என்று யாம் கூறியபோது அவர்கள் சிறிது ஏமாற்றமே அடைந்தனர்.

டேப்பின் உடன்பிறப்பு கார்டுப் படம். நான்கு நெடுக்குக் கோடும் சில குறுக்குக் கோடும் இட்டு, விரல் வைக்குமிடத்திற் புள்ளி குத்திய சிறு கட்டம் அது. 1920-களில் அமெரிக்காவில் அச்சான பாட்டுத் தாள்களின் தலையில் இக்கட்டங்கள் இடம்பெற்றன. எழுத்தறியாதவனும் அதனைக் கண்டு வாசிப்பான். ஆனால் ஒரு குறை: படம் இடத்தைக் காட்டுமேயன்றி ஒலியைக் காட்டாது. அக்காலத்திற் பலர் நரம்புகளை இன்றைய முறையினும் ஒரு முழுச்சுரம் உயர்த்திக் கூட்டினர். ஆதலின் அன்றைய படத்தின்படி இன்று விரல் வைத்தால், விரல் அதுவே, ஒலி வேறு. டேப்பிலோ வேறொரு குறை. மலிவாகக் கிடைக்கும் டேப்புக்களில் காலக் கணக்கே இராது. எந்த எண்ணில் எவ்வளவு நிற்பது என்பதை அறியப் பாட்டு முன்னமே தெரிந்திருத்தல் வேண்டும்.

இன்னும் ஒன்று கூறுவேம். யுகுலேலேயின் நான்கு நரம்புகளைத் திறந்தபடி மீட்டினால் ஜி, சி, ஈ, ஏ என்னும் ஒலிகள் எழும். சி என்பதனைச் சட்சமாகக் கொள்ளின் அவை முறையே ப, ச, க, த. நான்கும் மோகன இராகத்தின் சுரங்கள்! எஞ்சிய ரி ஒன்றிற்கு மட்டுமே ச நரம்பின் இரண்டாம் மெட்டை நாட வேண்டும். ஹொனலூலுத் தச்சர்க்கு மோகனம் தெரிந்திராது. ஆயினும் எம் ஊர்ச் சிறுவர் மோகனக் கீர்த்தனைகளை ஒரே மாலையிற் பழகிக்கொண்டதன் காரணம் இதுவே என்பது எம் துணிபு.

இனி எம் ஆலயத்தின் பழைய முறைக்கு வருவோம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எம் ஊரில் உள்ளார். சிறியோரும் பெரியோரும் அவரை வாத்தியார் தாத்தா என்றே அழைப்பர். அவர் இளமையில் விடுதிப் பள்ளியிற் கற்றது டானிக் சால்ஃபா என்னும் குறிமுறை. இங்கிலாந்தில் நார்விச் நகரத்துச் சாரா குளோவர் அம்மையார் குழந்தைகளுக்குப் பாட்டுக் கற்பிக்க வகுத்து 1835-இல் நூலாக்கிய முறையைச் ஜான் கர்வன் என்னும் போதகர் திருத்திப் பரப்பினார். ஐந்து கோடும் வேண்டா, தனி அச்சும் வேண்டா. டோ, ரே, மி முதலியவற்றின் முதலெழுத்தும், தாளத்திற்கு முக்காற்புள்ளியும் நிறுத்தற்புள்ளியும், நெடுக்குக் கோடும் போதும். எவ்வச்சுக்கூடத்திலும் அச்சிடலாம். ஆதலின் மிஷனரிமார் அதனைத் தென்னாப்பிரிக்கா, மடகாஸ்கர், பசிபிக் தீவுகள் எங்கணும் கொண்டு சென்றனர். நம் சட்சம் போலவே டோ என்பதும் பாடுவார் குரலுக்கேற்ப இடம் பெயர்வது. ஆகவே இதனை நம் சுர முறையின் மாற்றாந்தாய் மகள் என்னலாம்.

உறவு நெருங்கிய இடத்திற் குழப்பமும் மிகும் அன்றோ? சால்ஃபாவில் எஸ் என்பது சோ, அஃதாவது நம் பஞ்சமம்; நம் முறையிலோ ச என்பது சட்சம். சால்ஃபாவில் மி என்பது அரைச்சுரம் இறங்கினால் மா என்றாகும், அஃதாவது நம் சாதாரண காந்தாரம். நம் மா என்பதோ மத்திமம். வாத்தியார் தாத்தா கரும்பலகையில் ‘டோ மா ரே மா ஃபா சோ’ என எழுதினார். உத்திரமேரூரில் வாய்ப்பாட்டுப் பயிலும் சிறுமியொருத்தி அதனை மத்திமமாகப் பாட, மற்றையோர் காந்தாரமாகப் பாட, தாத்தா, “யாரு பாடறது சரின்னு கேக்காதீங்க, யாரு எந்த ஊர் பாஷை பேசறாங்கன்னு கேளுங்க” என்று நகைத்தார். அவர் எழுதிய அவ்வரி யாது என்பதே இக்கட்டுரையின் நடுப்பொருள்.

எம் தந்தையாரைப் பெற்ற ஆயாவிற்கு வயது எண்பத்திரண்டு. எழுதப் படிக்க அறியார். நாற்று நடவிலும் களையெடுப்பிலும் தம் அன்னையாரிடம் கேட்டுக் கற்ற கீர்த்தனைகள் முப்பத்துநான்கு அவர் நெஞ்சில் உள. நம் சபைகளின் கீர்த்தனைப் புத்தகங்களைப் புரட்டியோர் அறிவர்: பாட்டின் தலையில் இராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் மட்டுமே இருக்கும், கீழே சொற்கள். மெட்டு, கேட்டவர் வாயிலிருந்து கேட்பவர் செவிக்குச் செல்லும் பொருள். அதனால் ஒரே கீர்த்தனை தஞ்சையில் ஒருவாறும் நெல்லையில் ஒருவாறும் எம் ஏரிக்கரையில் ஒருவாறும் ஒலிக்கும். இன்றோ இளையோர் நகரத்திற் பதிவு செய்யப்பெற்ற பாட்டைக் கைப்பேசியிற் கேட்டுக் கற்கின்றனர். அது குற்றமன்று. ஆயினும் ஒரு மெட்டு எல்லா ஊரையும் நிரப்பிவிட்டால் ஏனைய மெட்டுக்கள் எங்குச் செல்லும்? சென்ற பெருமழைக் காலத்தில் ஆயா இருபது நாள் படுத்திருந்தார். அப்போதுதான், அவர் எழாவிடின் அம்முப்பத்துநான்கும் எழா என்னும் அச்சம் எம்மைச் சூழ்ந்தது. சொல் புத்தகத்தில் இருக்கும்; கானல்வரியைப் போல.

ஒலிப்பதிவு போதாதோ என நண்பர் வினவலாம். பதிவும் செய்தோம். ஆனால் பதிவு என்பது ஒரு நாளின் இருமலும் சேவற்கூவலும் சேர்ந்த ஒரு பாட்டு. எது பாட்டின் எலும்பு, எது அன்றைய களைப்பு என அது பிரித்துக் கூறாது. எழுத முற்படுவோன் ஒவ்வோர் அசைக்கும் இதுவோ அதுவோ எனத் தெரிந்து துணிய வேண்டும். அத்துணிவிற்காகவே எழுத விழைந்தோம்.

முதலில் எடுத்த கீர்த்தனைக்குப் புத்தகம் கூறும் இராகம் சங்கராபரணம். வாத்தியார் தாத்தா கேட்டு எழுதியதோ மேலே காட்டிய வரி. இரண்டும் பொருந்தாமையின், பதிவை எடுத்துக்கொண்டு உத்திரமேரூரில் நாகசுரம் வாசிக்கும் பெரியவர் ஒருவரிடம் சென்றோம். திண்ணையில் அமர்த்திக் காப்பி கொடுத்து, கண்மூடி இருமுறை கேட்டார். “இது ஆனந்தபைரவி, தம்பி. புத்தகத்துல என்ன போட்டிருக்கு?” என்றார். கூறினோம். “பேரை எவரோ மாத்திப் போட்டுட்டாங்க. பாடற அம்மா மாத்தல” என்று சொல்லி, ‘ச க ரி க ம ப’ எனத் தொடங்கித் தாமே தாளில் எழுதித் தந்தார்.

நம் சுரக்குறியின் நயத்தை அன்றுதான் உணர்ந்தோம். ச எனின் ஓர் அட்சரம், சா எனின் இரண்டு. காற்புள்ளி ஓர் அட்சர நீட்டம், அரைப்புள்ளி இரண்டு. மேலே புள்ளி இட்டால் மேல் ஸ்தாயி, கீழே இட்டால் கீழ் ஸ்தாயி. மேற்கோடு இட்டால் இரட்டிப்பு வேகம். தாள அங்கத்திற்கு ஒரு கோடு, ஆவர்த்த முடிவிற்கு இரு கோடு. நெடில் குறில் வேற்றுமையே காலத்தைக் காட்டுதல் தமிழ் மாணாக்கர்க்கு எவ்வளவு இயல்பானது! எனினும் இம்முறையின் உயிர் தலைப்பில் உள்ளது. ரி, க, த, நி என்னும் எழுத்துக்கள் தம் வகையைத் தாமே கூறா. இராகத்தின் பெயர் கூற வேண்டும். சங்கராபரணம் என்னும் தலைப்பின் கீழ் அதே ‘ச க ரி க ம ப’வை ஒருவர் வாசித்தால் காந்தாரம் அந்தர காந்தாரமாகிவிடும். யுகுலேலேயில் அது திறந்த நரம்பு. ஆயாவின் பாட்டில் அதற்கு அவ்விடத்தில் இடமே இல்லை. ஒரு சொல் பிழைத்தால் பாட்டு முழுதும் வேறு பாட்டாகும்.

ஐரோப்பியரின் ஐங்கோட்டுக் குறியில் இவ்விடர் இல்லை. ஒவ்வொரு சுரமும் தன் உயரத்தையும் காலத்தையும் தானே கூறும். சென்னையில் வாழ்ந்த கிறிஸ்தவராகிய ஏ. எம். சின்னசாமி முதலியார் 1893-இல் தொடங்கி நம் நாட்டுக் கீர்த்தனங்களை அக்குறியில் வெளியிட்டார். எட்டையபுரத்துச் சுப்பராம தீட்சிதர் 1904-இல் தெலுங்கு எழுத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினிக்குத் தூண்டுகோலாக நின்றவருள்ளும் அவர் ஒருவர். சென்னை மியூசிக் அகாதமி 1961 முதல் அந்நூலைத் தமிழெழுத்தில் வெளியிட்டது. அதிற் சுரத்தின் தலைமேல் கம்பிதத்திற்கு அலைக்கோடும், ஏற்ற இறக்க ஜாருவிற்குச் சாய்கோடும், இன்னும் பல சின்னங்களும் உள. சுரத்தை எழுதினால் போதாது, சுரத்தின் அசைவையும் எழுத வேண்டும் என அப்பெரியார் உணர்ந்திருந்தார். ஐங்கோட்டுக் குறியோ நின்ற சுரத்திற்கு உகந்தது. நம் சுரங்களிற் பல நிற்பவை அல்ல, நடப்பவை.

எம் ஊர்க் கல்லும் ஈண்டு நினைவிற்கு வருகின்றது. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலிற் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள், குடவோலை இட்டு வாரியம் தேர்ந்த முறையை விரிவாகக் கூறுகின்றன. ஓலையிற் பெயர் எழுதுவது யாங்ஙனம், குடத்தினின்று எடுப்பவன் யார் என்பது வரை அதில் உண்டு. ஆயின் அச்சபையில் எழுந்த குரல் உயர்ந்ததோ தாழ்ந்ததோ, கல் கூறாது. குரலையே கல்லில் வெட்ட முயன்றோரும் இருந்தனர். புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில், ஏழாம் நூற்றாண்டினதாகக் கருதப்பெறும் இசைக் கல்வெட்டொன்று உளது. ஏழு பகுதிகளாக, நான்கு நான்கு சுரக் கூட்டங்களாக அது பொறிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு சுரத்தின் எழுத்தும் அ, இ, உ, எ என நால்வகை உயிரேறி வருகின்றது. அவ்வுயிர் மாற்றம் எதனைக் குறிப்பது என்பதில் அறிஞர் ஒருமித்திலர். ஆயிரத்து முந்நூறு ஆண்டு எழுத்து அழியவில்லை; எழுத்தைப் படிக்கும் செவி அழிந்தது. இதனை எண்ணியே, எழுதுவதோடு நில்லாது எழுதியதை உடனிருந்து வாசிப்போரையும் ஆக்குதல் வேண்டும் எனக் கருதி, குறிப்பேட்டைச் சிறுவர் கையிற் கொடுத்தோம்.

ஏட்டின் அமைப்பு இது. தலையில் ஆயா பாடும் இராகமும் தாளமும். அதன் கீழ்ச் சொல், அசை அசையாக. அதன் கீழ்ச் சுரம். அதன் கீழ் நான்கு கோடும் மெட்டெண்ணும். பின்பக்கத்தில் வாத்தியார் தாத்தாவின் சால்ஃபா. (அதனை விட்டுவிட்டால் அவர் விடமாட்டார், அன்றியும், மூத்தோர் நால்வர் அதனைக் கண்டே பாடுவர்.) ஆனந்தபைரவி வரி டேப்பில் இவ்வாறாயிற்று: ச நரம்பில் 0, 3, 2, 3, பின் ஈ நரம்பில் 1, 3. எம் சிற்றப்பா மகனின் தங்கை, பன்னிரண்டு வயதினள், அதனைப் பிழையின்றி வாசித்தாள். ஆயா கட்டிலிலிருந்தபடியே கேட்டு, “எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா கட்டை மாதிரி நிக்குதேடா” என்றார்.

அவர் கூறியது உண்மை. அவர் பாடுங்கால் இரண்டாம் காந்தாரம் தன்னிடத்தில் நில்லாது மத்திமத்தைத் தொட்டுத் தொட்டு மீளும். பின்னரே மத்திமம் வரும். அலைக்கோடு இட்டோம், சிறுமிக்கு அது விளங்கவில்லை. இருநாட் கழித்து அவளே ஒரு வழி கண்டாள். மத்திமத்தை ஈ நரம்பின் முதல் மெட்டில் எடாது, ச நரம்பிலேயே ஐந்தாம் மெட்டில் எடுத்தாள்: மூன்றாம் மெட்டில் மீட்டிய விரலை எடாமல் ஐந்திற்கு வழுக்கி, மீண்டும் மூன்றிற்கு வந்து, மீண்டும் ஐந்திற்கு. ஒலி அறாமல் நடந்தது. ஆயா தலையை அசைத்தார். “ம்… இப்போ கொஞ்சம் நடக்குது” என்றார்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. சுரக்குறிக்கும், சால்ஃபாவிற்கும், ஐங்கோட்டிற்கும் மத்திமம் மத்திமமே. எந்நரம்பில் எடுப்பது என்பது அவற்றின் கவலையன்று. அவ்வேற்றுமையைக் காட்டவல்லது யாம் எல்லாரும் எளிதென்றெண்ணிய டேப் ஒன்றே. ஈ நரம்பில் 1 என்பதை அடித்துவிட்டு, ச நரம்பில் 3, 5, 3, 5 என எழுதி, இடையே தீட்சிதரின் சாய்கோடுகளை இட்டோம். எட்டையபுரமும் ஹொனலூலுவும் ஒரு வரியிற் சந்தித்தன.

இதுகாறும் பதினொரு கீர்த்தனைகள் எழுதியாயிற்று. ஆறு இடங்களில் ஆயாவிற்கு நிறைவில்லை. அவ்விடங்களிற் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்துள்ளோம். நாகசுரப் பெரியவர் அவற்றுள் இரண்டைத் தீர்ப்பதாகக் கூறியுள்ளார். எஞ்சிய இருபத்து மூன்றனுள் மூன்றிற்குப் பல்லவி மட்டுமே ஆயாவின் நினைவில் உண்டு. சரணங்கள் அவர்தம் தமக்கையார்க்குத் தெரியுமாம். பெரிய ஆயா மதுராந்தகம் செல்லும் வழியில் உள்ளதோர் ஊரில் மகள் வீட்டில் இருக்கின்றார். காது மந்தம், குரல் திடம் என்கின்றனர். மே மாத விடுமுறையின் முதல் வாரத்தில் ஆயாவையும் யுகுலேலேயையும் ஏற்றிக்கொண்டு காலைப் பேருந்தில் அங்குச் செல்ல இருக்கின்றோம்.